சாட்சி சொல்ல ஆயத்தமாவது எப்படி?

கிறிஸ்துவுக்குள் கண்டடைந்த நித்திய நோக்கத்தைப் பிறருக்கு அறிவிக்க, அதாவது சாட்சி சொல்ல, விரும்புகிறவர், வேதாகமத்திலுள்ள அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தை முதலில் ஜெபத்தோடு வாசிக்க வேண்டும். செசரியாவில் அகிரிப்பா ராஜாவுக்கு முன்பாகக் கட்டப்பட்டவராய் நின்ற பவுல், விசுவாசிகளைத் துன்பப்படுத்திய தம் பழைய வாழ்க்கையை மறைக்காமல் சொல்லி, தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசு தம்மை ஊழியக்காரனாகவும் சாட்சியாகவும் ஏற்படுத்தியதையும், தாம் அதற்குக் கீழ்ப்படிந்ததையும் வரிசையாக விவரிக்கிறார்.

அதே வரிசையில் உங்கள் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பழைய பாவங்களை விவரிப்பதிலேயே பாதிப் பக்கம் நிறைந்துவிட்டால் (பலருக்கும் இப்படி நேரிடுகிறது) அதைக் குறைத்து, கிறிஸ்து செய்ததற்கு இடம் கொடுங்கள். ‘இரட்சிப்பு’, ‘அபிஷேகம்’ போன்ற சொற்கள் சபைக்கு வெளியே இருப்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆகவே அவற்றின் பொருளை அன்றாடத் தமிழில் சொல்லுங்கள். பேசிய பிறகு, கேட்டவரின் கேள்விகளுக்குப் பொறுமையோடு செவிகொடுங்கள்.