கோழிக்கூட்டைக் காலையில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்

வளவில் மேயவிடும் கோழிகளை விடிந்ததும் திறந்துவிடாமல் 10, 11 மணிவரை கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பற்றைக்குள்ளும் விறகு அடுக்குக்குப் பின்னாலும் முட்டை தேடித் திரியும் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகும்.

பேடுகள் அனேகமாக விடிந்து சில மணி நேரத்துக்குள்தான் முட்டையிடும். அந்த நேரத்தில் கூட்டின் இருண்ட மூலையில் வைக்கோல் போட்ட பெட்டியொன்று கண்ணில் பட்டால் அதிலேயே உட்கார்ந்துவிடும். பெட்டிக்குள் முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம் பழகும். 11 மணிக்குத் திறந்தாலும் பின்னேரம் முழுக்க மேயலாம். மைமலில் தானாகவே கூடு திரும்பும். அப்போது ஒரு கைப்பிடி குறுணல் உள்ளே தூவினால் எண்ணி அடைப்பதும் சுலபம்.

கூட்டில் கோழிக்கு 4 சதுர அடியாவது இல்லையென்றால் இது சரிவராது, நெரிசலில் ஒன்றையொன்று கொத்தும். அப்புறம், திருகோணமலையில் கச்சான் எனும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக் கூடு 9 மணிக்கே அடுப்புத்தான். மேலே கிடுகு, பக்கத்தில் கம்பிவலை, உள்ளே தண்ணீர், இந்த மூன்றும் இல்லாவிட்டால் நேரத்தோடு திறந்துவிடுங்கள், முட்டை போனால் போகட்டும். குஞ்சோடு நிற்கும் தாய்க்கோழிக்கு இந்தக் கணக்கு இல்லை. சேவலை வேண்டுமானால் விடிந்ததுமே வெளியே விடலாம், அது எங்கே முட்டையிடப் போகிறது!