மொட்டை மாடியில் ஒரு மண் சரிவு: பெரிய கல் ஏன் முன்னால் வருகிறது?

மண் சரிந்து ஓடும்போது பெரிய கற்கள் முன்னால் வந்து சேரும். சாய்த்த பலகையில் பொடி மணலையும் பெரிய கல்லையும் கலந்து ஓடவிட்டு அதைப் பார்க்கும் சோதனை இது. சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சோதனை என்றதும், பெரிய கல்லுக்குப் பதிலாகக் கை ஜவ்வரிசிக்குத்தான் போகும். வேண்டாம். அது மணலைவிட லேசு. மேலே மிதந்து வந்தால் பருமனால் வந்ததா, எடை குறைவால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரிசும் பொடியும் ஒரே கல்லாக இருக்க வேண்டும். ஒரு சட்டி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போதும்.

1. மணலைக் கழுவித் தூசியைப் போக்கி, நன்றாகக் காயவையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ஈரம் பட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

2. மாவு சல்லடையில் சலியுங்கள். இறங்குவது பொடி. தங்குவதில் பொடியைப் போல் இரண்டு மூன்று மடங்கு பருமன் உள்ளதை மட்டும் எடுத்து, கோலத்துக்குக் கரைக்கும் காவியில் புரட்டிக் காயவையுங்கள்.

3. ஒரு மீட்டர் பிளைவுட் பலகையில் ஃபெவிகால் தடவி, மீந்த மணலை நெருக்கமாகத் தூவுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். வழவழப்பான பலகையில் மொத்தக் குவியலும் ஒரே கட்டியாக வழுக்கிவிடும், உள்ளே எதுவும் நடக்காது.

4. ஒரு முனையை 57 செ.மீ. உயர்த்துங்கள், சாய்வு சுமார் 35 டிகிரி வரும். மேல் முனையில் அட்டைத் தடுப்பு.

5. மூன்று பங்கு பொடி, ஒரு பங்கு காவிக் கல். கையால் கலந்து தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். குலுக்காதீர்கள், குலுக்கினாலே பெரிசு மேலே வந்துவிடும்.

சரி, தடுப்பைத் தூக்குங்கள்.

கலவை ஓடும்போது மணிகளுக்கு நடுவே இடைவெளி திறந்து மூடுகிறது. சின்ன சந்தில் பொடி விழும், பெரிசு விழாது. அதனால் பெரிசு மேலே தள்ளப்படுகிறது. சொரசொரப்பு பிடித்து இழுப்பதால் அடி அடுக்கு மெதுவாகவும் மேல் அடுக்கு வேகமாகவும் போகும். மேலே ஏறிய காவிக் கற்கள் அந்த வேகத்தில் முன்னணிக்கு வந்து சேர்கின்றன. முன்னணியில் விழுந்தவை ஓட்டத்துக்கு அடியில் சிக்கினாலும் மறுபடி மேலேறி வரும்.

கோணல்மாணலான கற்களுக்கு உராய்வு அதிகம். அவை முன்னால் சேரச்சேர, நேராக வந்த விளிம்பு விரல் விரலாகப் பிரியும். இரண்டு ஓரத்திலும் காவிக் கரை ஒதுங்கும். 1997-இல் பூலிக்கேன், டெலூர், சாவேஜ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் விளக்கியது இந்த விரல்களைத்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் நடந்தது போன்ற சரிவில் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும், கணக்கு இன்னும் சிக்கல்.

விரல் பிரியவில்லையா? தடுப்பைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டத்தை மெல்லிசாக்குங்கள். நடுவழியிலேயே நின்றுவிட்டால் பலகையை இரண்டு செ.மீ. உயர்த்துங்கள்.