சென்ட்ரல் லைன் தொற்று: நர்ஸ் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்து வழியாகவோ காறை எலும்புக்குக் கீழேயோ பெரிய சிரைக்குள் போடுகிற குழாய்தான் சென்ட்ரல் லைன். அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதில் கிருமி ஏறினால் நேராக ரத்தம்தான், இடையில் தடுக்க எதுவும் கிடையாது. இந்தத் தொற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. அப்படியும் வருகிறதென்றால், நாம் பயிற்சி கொடுக்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பெரிய தவறு, பயிற்சி முழுவதையும் லைன் போடும் அந்த அரைமணி நேரத்தைச் சுற்றியே வைத்துக்கொள்வது. போட்ட பிறகு அது பல நாள் உடம்பில் இருக்கிறது, மருந்துக்கும் ரத்தம் எடுக்கவும் ஒரு நாளில் எத்தனையோ தடவை அதைத் திறக்கிறோம், அத்தனை தடவையும் கை வைப்பது நர்ஸ். ஐசியுவில் ஓரமாக நின்று பாருங்கள்: பக்கத்துக் கட்டிலில் மானிட்டர் அலறுகிறது, நர்ஸ் கிருமிநாசினி ஸ்வாபை ஹப்பின் (சிரிஞ்சைச் செருகும் குழாய் வாயின்) மேல் ஒரு தடவு தடவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் சிரிஞ்சைச் செருகிவிடுகிறார். அந்த ஹப்பின் தலையையும் பக்கத்துப் புரிகளையும் அழுத்தித் திருகி 5 முதல் 15 நொடி தேய்க்க வேண்டும், அப்புறம் காய விட வேண்டும். இது ஸ்லைடில் படித்து வருகிற பழக்கம் இல்லை. கையில் ஹப்பைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்துத் தேய்க்கச் சொன்னால்தான் 15 நொடி எவ்வளவு நீளம் என்று கைக்குத் தெரியும்.

கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற நினைப்பும் இன்னும் போகவில்லை. போடும் முன்பும் கழற்றிய பிறகும் கை சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

டிரெஸ்ஸிங்கில் நாள் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் 7 நாளுக்கு ஒரு முறை, காஸ் துணி என்றால் 2 நாள். சரி, ஆனால் ஓரம் கிளம்பினாலோ, நனைந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அப்போதே மாற்ற வேண்டும். 'நாளைக்குத்தானே மாற்ற வேண்டும்' என்று மேலே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டுவது கூடவே கூடாது. தோலில் தடவிய குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியை ஊதியோ விசிறியோ காய வைப்பதும் தவறு, அது தானாகக் காய வேண்டும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. நர்ஸுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பேசும் உரிமையைக் கொடுக்காமல் விடுகிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கு மேற்பட்ட ஐசியுக்களில் கை சுத்தம், முழு உடல் மறைப்புத் துணி, குளோர்ஹெக்சிடின், தொடையிடுக்கில் லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுப்பது என்று ஐந்தே விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1000 லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் உடம்பில் இருந்தால் அது ஒரு லைன்-நாள்) 2.7 என்றிருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு (மீடியன்) மூன்று மாதத்துக்குள் பூஜ்ஜியத்துக்கு வந்தது. 2006-இல் முடிவுகள் வெளியாயின. அங்கே டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை இல்லாதபோது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உடனிருப்பவர்களுக்கு இருந்தது. ஆகவே டாக்டர்களையும் அதே பயிற்சியில் உட்கார வையுங்கள். 'டாக்டர், துணி ஓரம் விலகியிருக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று நர்ஸ் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். காலை ரவுண்டில் 'இந்த லைன் இன்னும் வேண்டுமா?' என்று கேட்பதும் அவருடைய வேலையாகவே இருக்கட்டும்.

கவனிப்பு பகல் ஷிஃப்டோடு நின்றுவிடக் கூடாது. இரவு மூன்று மணிக்கு ஒரு நாள் போய், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பக்கத்தில் நின்று ஹப் தேய்ப்பதைப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக் காட்டுங்கள்.