உங்கள் காணொளியை இன்னொருவர் தன் பெயரில் போட்டால் என்ன செய்வது?

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால், கிளிநொச்சிப் பெடியள் மழையில் நனைந்து எடுத்த காணொளி பொழுதுபடுவதற்குள் வேறு யாரோ ஒருவரின் முத்திரையோடு முகநூலில் ஓடுகிறது. எடுத்தவருக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் வழியைச் சொல்கிறேன்.

முதலில் உரிமை. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவுடனேயே அது உங்களுடையது. காணொளி என்றால் அது முதலில் வெளியானதிலிருந்து 70 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பதிந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். முல்லைத்தீவில் வழிவழியாக ஆடும் கோவலன் கூத்து ஊருக்குப் பொது. அதை நீங்கள் எடுத்த காணொளிதான் உங்களுடையது.

பதிவு இல்லாததால் ஆதாரம்தான் எல்லாம். மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பை வெட்டாமல், இசை சேர்க்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். தொடக்கத்தில் கமரா ஆடுகிற சில நொடிகள், பக்கத்தில் நிற்பவரிடம் நீங்கள் பேசும் குரல், இவை திருடியவரிடம் இருக்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதியை நம்ப வேண்டாம். அது சுருங்கிவிடும், எடுத்த நாள் போன்ற விபரங்களும் போய்விடும்.

திருட்டு கண்ணில் பட்டதா? உடனே கொமெண்டில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், அழித்துவிட்டு உங்களை பிளாக் பண்ணிவிடுவார்கள். முதலில் இணைப்பு, பக்கத்தின் பெயர், திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அப்புறம் மரியாதையாக ஒரு செய்தி: "இது நான் எடுத்தது. நாளை மாலைக்குள் நீக்குங்கள், அல்லது கட்டணம் பேசுவோம்."

மசியவில்லையா? முகநூலிலும் யூடியூபிலும் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. உங்கள் உண்மைப் பெயர் எதிராளிக்குத் தெரியவரலாம், அதற்குத் தயாராக இருங்கள். யூடியூபில் அவர் மறுப்பு அனுப்பினால், 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் காணொளி திரும்ப வந்துவிடும். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (யூடியூப் தரும் பதிப்புரிமை எச்சரிக்கை) விழுந்தால் அவருடைய சனலே போகலாம்.

உங்கள் காணொளியை வைத்து ஒருவர் வியாபாரம் செய்தால் ஆதாரங்களோடு சட்டத்தரணியைப் பாருங்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடமும் விண்ணப்பிக்கலாம். வேண்டுமென்றே மீறியதாக நீதவான் கண்டால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.