பழைய காருக்குப் புதிய எஞ்சினும் வயரிங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஏற்றுகிறவர்கள் மவுன்ட், கியர்பாக்ஸ், சைலன்சர் பைப் என்றுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். அளந்து, வெட்டி, வெல்டு வைத்தால் முடிந்துவிடும். வண்டியை மாதக்கணக்கில் ஓரங்கட்டி நிறுத்துவது வயரிங்தான். பழைய எஞ்சினுக்குப் பெட்ரோலும் காயிலுக்கு 12 வோல்ட்டும் கிடைத்தால் போதும், ஓடிவிடும். புதியதில் சாவி சரியானதா, மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) விடாமல் விசாரிக்கும். அந்த எஞ்சின் முதலில் இருந்த வண்டியில் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல உறுப்புகள் இருந்தன. பழைய வண்டியில் இல்லை.

எஞ்சினை மட்டும் வாங்குவது

எஞ்சினும் ஹார்னஸும் (அதன் வயர்க்கட்டு) வாங்கும்போதே இ.சி.யு., அதனுடன் பதிவான சாவி, சாவித்துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், இம்மொபிலைசர் பெட்டி (பதிவான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாதது), மீட்டர் பேனல், எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் மிதி, எஞ்சின் அறை பியூஸ் பாக்ஸ், ஆக்சிஜன் சென்சார்கள் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். இம்மொபிலைசர் அடையாளம் பல மாடல்களில் மீட்டர் பேனலிலும் பதிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் எஞ்சின் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

காற்றளவு சென்சாரை அதன் குழாயோடு சேர்த்து எடுக்க வேண்டும். குழாயின் விட்டத்தை வைத்துத்தான் இ.சி.யு. காற்றைக் கணக்கிடுகிறது. சென்சாரைக் கழற்றி வேறு அகலக் குழாயில் பொருத்தினால் பெட்ரோல் கணக்கு முழுதும் தப்பாகும்.

வயரிங் வரைபடமும் அதே எஞ்சின் குறியீடு, அதே ஆண்டு மாடலுக்கானதாக இருக்க வேண்டும். ஒரே எஞ்சினுக்கு அடுத்த ஆண்டில் கனெக்டரின் பின் (pin) வரிசை மாறிவிடுவது சகஜம்.

ஹார்னஸை அவசரப்பட்டு வெட்டுவது

வேண்டாத வயர் என்று தோன்றியதை எல்லாம் முதல் நாளே நறுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் சீட்டு ஒட்டி, வரைபடத்தில் அந்த வயர் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து, வேண்டாததைக் கனெக்டரிலிருந்து டெர்மினலோடு உருவி எடுங்கள். எஞ்சின் ஓடி, பிழைக் குறியீடுகள் பார்த்து முடிந்த பிறகு மிச்சத்தைக் குறைக்கலாம்.

முறுக்கிய இரட்டை வயர்களை முறுக்கோடுதான் நீட்ட வேண்டும். இ.சி.யு.வும் மற்ற பெட்டிகளும் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் (CAN) வயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த லைனின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு வயருக்கும் நடுவே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால், நீங்கள் தூக்கிப்போட்ட மீட்டரிலோ ஏ.பி.எஸ். பெட்டியிலோ ஒரு முனைத் தடை போய்விட்டது. அந்த இடத்தில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் சரியாகும்.

இணைப்புகளுக்கு ஈயப்பற்றை விடச் சரியான கருவியால் டெர்மினலை நசுக்கிப் பிடிக்கச் செய்த கிரிம்ப் நல்லது. ஈயம் வயருக்குள் ஊறி அதை விறைப்பாக்கிவிடும். எஞ்சின் அதிர்வில் அந்த ஓரத்தில்தான் வயர் முறியும். மேலே உள்பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். இன்சுலேஷன் டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்று வந்துவிடும்.

தவறான இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சாவியை விட்ட கணத்தில் மட்டும் ஒரு முறை இருமுகிறது. இப்படி நடந்தால் சென்சார்களை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். பழைய வண்டிகளில் ரேடியோ, வைப்பருக்குப் போகும் ஆக்சசரி லைன் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் துண்டாகிவிடும். இ.சி.யு.வின் சாவி லைனை அதில் கொடுத்திருந்தால் வேண்டிய நேரத்தில் இ.சி.யு. தூங்கிவிடும். சாவியை ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் வைத்து மல்ட்டிமீட்டரில் பாருங்கள். இரண்டிலும் மின்சாரம் வரும் வயரே சரியானது. அதுவும் ரிலேவை (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்க மட்டும் போதும். சுமையைப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனி லைனில் கொடுங்கள்.

சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடினால், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் எக்சைட்டர் வயர் (அதைச் சார்ஜ் செய்யத் தூண்டும் வயர்) வழியாக மின்சாரம் திரும்பி வந்து இக்னிஷனைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வயரில் ஒரு டயோடோ சார்ஜ் எச்சரிக்கை விளக்கோ இருந்தால் நிற்கும்.

பெட்ரோல் பம்பை நேராகச் சாவி லைனில் கோர்ப்பது இதையெல்லாம் விட ஆபத்தானது. பம்ப் ரிலேவை இ.சி.யு. கையில்தான் விட வேண்டும். மோதலில் எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்பது அதனால்தான்.

எர்த்தைச் சாதாரணமாக நினைப்பது

புரியாத கோளாறுகளில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொன்று வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கி, பிறகு துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் மவுன்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் கியர் கேபிள், சென்சார் வயர் என்று கிடைத்த வழியில் பாயும், இ.சி.யு.வின் உள்பாதையையே கருக்கிவிடும்.

ஓம் அளவை நம்பாதீர்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது பூஜ்யம் காட்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முளையிலும் மறுமுனையைப் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. சென்சார்களின் எர்த் வயர்கள் இ.சி.யு.வுக்கே திரும்ப வேண்டும். வசதிக்காக அவற்றைப் பாடியில் அடித்துவிடக் கூடாது.

மீட்டர், சார்ஜ் லைன்

டாஷ்போர்டில் ஆம்மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் சார்ஜ் மின்னோட்டம் முழுதும் அதன் வழியாகப் போகும். 30, 40 ஆம்பியருக்காகச் செய்த அந்த லைனில் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கோர்த்தால் டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். ஆம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டர் வையுங்கள்; ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு பியூஸோடு தடித்த கேபிள் இழுங்கள். வெப்பமானியின் பழைய ஒற்றை வயர் சென்சாரைத் தனியாகப் பொருத்த வேண்டும். இ.சி.யு.வின் சென்சாரிலிருந்து கிளை எடுத்தால் இரண்டு அளவுமே பொய்யாகும்.

பழைய பெட்ரோல் லைனையே வைத்துக்கொள்வது

கார்புரேட்டருக்கு 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் போதும். போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் (காற்று உள்ளே போகும் வழியில் பெட்ரோலைத் தெளிப்பவை) பெரும்பாலும் 3 முதல் 4 பார் கேட்கும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் ஹோஸும், ரப்பரைக் கடிக்காத வழவழப்பான உள்பட்டைக் கிளாம்பும் போடுங்கள். தடுப்பு இல்லாத பழைய டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சி எஞ்சின் திக்கும். டேங்குக்குள் பம்போடு, அதைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு கிண்ணம் வைப்பதே நிலையான தீர்வு.

முதல் ஸ்டார்ட்டில் அவசரப்படுவது

இ.சி.யு. கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு பின்னிலும் மின்சாரத்தையும் எர்த்தையும் அளந்த பிறகே அதைச் சொருகுங்கள். பாடியில் வெல்டு வேலை மிச்சமிருந்தால் பேட்டரியையும் இ.சி.யு.வையும் கழற்றாமல் தொடக் கூடாது. பம்ப் ரிலேவை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும் வரை பத்துப் பத்து நொடியாக, இடைவெளி விட்டு, செல்ஃப் அடியுங்கள். பிறகு ரிலேவைப் போட்டு, எஞ்சின் பிடிக்கும் முன்பே எல்லா ஹோஸ் இணைப்பிலும் கசிவு பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் பேட்டரி லைனில் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஏதோ ஒரு ரிலே இன்னும் விழித்திருக்கிறது; பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி அதைத் தேடுங்கள்.