நல்ல கையை ஒளித்து வைத்துத் தோற்பது

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் போக்கர் நடக்கும். காசு இல்லை, புளியங்கொட்டைதான். புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிமாரைப் பார்த்தால் பழைய என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது, நான் விட்ட அதே பிழைகள். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) பெரிதா ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டு) பெரிதா என்ற தடுமாற்றம் இரண்டு கிழமையில் சரியாகிவிடும், அதை விடுகிறேன்.

பதுங்கியிருப்பது

304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். துரும்பைக் கவிழ்த்து வைத்து, நேரம் வரும்வரை வாய் திறக்க மாட்டோம். போக்கருக்கும் அதையே கொண்டுவருகிறோம்.

என் கையில் இரண்டு 8. ஃப்ளொப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஆட்டின் (ஹார்ட்) 8, ஆட்டின் ஜாக், கலாவரை (கிளப்) 3. மூன்று எட்டு! கையில் ஜோடி இருந்தாலும் ஃப்ளொப்பில் இப்படி அமைவது ஏறக்குறைய எட்டுத் தடவைக்கு ஒன்று. ஆளை விரட்டிவிடக் கூடாதென்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒன்றும் கட்டாமல் செக் சொன்னேன். எதிரே இருந்த மச்சானும் செக். நாலாவது சீட்டு ஆட்டின் 2. அவன் கையில் ஆட்டின் ஏஸும் ஆட்டின் 5உம், ஃப்ளஷ் விழுந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது, அள்ளிக் கட்டினேன். ஐந்தாவது சீட்டும் கைகொடுக்கவில்லை. "சும்மா தந்திட்டாய் மச்சான்" என்றபடி கொட்டையெல்லாம் சாரத்து மடியில் வாரிப் போட்டான். இன்றைக்கும் எரிகிறது.

அவன் சொன்னது கணக்குப்படியே சரி. ஃப்ளொப்பில் அவன் காணாத சீட்டு 47, அதில் ஆட்டின் சீட்டு ஒன்பது. அடுத்த சீட்டிலேயே வர ஏறக்குறைய 19 சதவீதம், மிச்ச இரண்டு சீட்டையும் பார்க்க விட்டால் 35. நடுவில் 40 கொட்டை கிடந்தது. நான் 20 கட்டியிருந்தால் அவனும் 20 போட்டு, மொத்தம் 80க்கு விளையாட வேண்டும். நாலுக்கு ஒன்று வந்தால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும், வருவதோ ஐந்துக்கு ஒன்று. பிறகு என்னிடம் கறக்கலாம் என்று நம்பி வந்திருப்பான். வரட்டும், விலை கொடுத்து வரட்டும்.

அப்போ எப்போது செக்? கையில் இரண்டு கிங், மேசையில் கிங், 7, 2, மூன்றும் வெவ்வேறு இனம் என்று வையுங்கள். துரத்த ஒன்றுமில்லை, கட்டினால் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள். இல்லாவிட்டால், செக் கேட்டதும் கை சும்மா இராத ஒருவர் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு மாமா இருக்கிறார். அவருக்கு முன்னால் நான் இன்றும் ஒளித்துத்தான் வைப்பேன்.

நல்ல கைக்கு மட்டும் பெரிதாகக் கட்டுவது

மூன்றாம் சுற்றில் வீட்டு நாய்க்கும் தெரிந்துவிடும்.

வெல்லும் கையோடு, ரிவரில் (ஐந்தாவது சீட்டில்) கடைசி ஆளாகச் செக் சொல்வது

உங்களுக்குப் பிறகு கட்ட ஆளில்லை. யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஏஸ் ஜோடியை விட மனமில்லாமை

மேசையில் நாலு ஆட்டின் சீட்டு, உங்கள் இரண்டு ஏஸும் கறுப்பு. செக் சொல்லுங்கள். போன சனி தம்பி ஒருவன் இருந்ததையெல்லாம் கட்டினான், மாமா ஆட்டின் 9ஐ மெல்லத் திருப்பினார். தேத்தண்ணி ஆறுமுன் தம்பி அடுப்படியில் அம்மாவின் புளிச் சாடிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான்.