பழைய சேலைப் போர்வை: தைத்துக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சேலைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்து முதியோர் இல்லங்களுக்கும் வெள்ள நிவாரண முகாம்களுக்கும் கொடுக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதைத் துவைத்துக் காயவைக்கப்போகிறவரை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் தடிமன். ஐந்தாறு சேலைகளை அடுக்கினால் கதகதப்பாக இருக்கும், உண்மைதான். அடைமழையில் நனைந்தால் அதைப் பிழியவே இரண்டு பேர் வேண்டும். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று முடைநாற்றம் அடிக்கும். முகாமில் கொடி கட்ட இடமும் இருக்காது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஒன்றை மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட மூன்றடுக்குப் போர்வை கிடைக்கும். சமவெளிக் குளிருக்கு, ஓர் ஆளுக்கு, அதுவே போதும். ஊட்டிக்கு அனுப்புவதென்றால் இன்னொரு சேலை சேர்க்கலாம்.

நைந்த சேலையைத் தானத்துக்கு ஒதுக்குவது இன்னொரு பழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததை மறக்க முடியாது. இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். டர்ரென்று கிழிந்தால் அது கரித்துணிக்குத்தான். பாலியெஸ்டரும் வேண்டாம்: வியர்வையை உறிஞ்சாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், குத்தும்.

வெவ்வேறு சேலைகளைத் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் ஓர் அடுக்கு மட்டும் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். சுங்குடி போன்ற அழுத்தமான நிறச் சேலைகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுக்குகள் நகராமலிருக்க முதலில் பெரிய தையல்களாகத் தற்காலிகமாக ஓட்டிக்கொள்ள வேண்டும். பலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு நாலு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல். இடைவெளி அதிகமானால் துவைக்கும்போது துணி உள்ளே சுருண்டுவிடும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக்கூடாது, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. அதனால் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தைக்காதீர்கள். பெரிய குழந்தைகளுக்கும் மணி, பொத்தான் அலங்காரம் வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முழு நீளப் போர்வை சக்கரத்தில் சிக்கும். மடியை மூடுமளவு போதும். அளவை இல்லத்தாரிடமே கேட்டுவிடுவது நல்லது.

குண்டூசிகளை எண்ணி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கட்டி அனுப்பும் முன் கணக்கில் ஒன்று குறைந்தாலும் போர்வை முழுவதும் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.